அத்திமரத்து எலி

“நான் ஊருக்குக் கிளம்புறேன், அம்மா,” என்றார் பூமிநாதன். தோளில் பை.

தாயம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்து மடத்துக்கு அவர்தான் குரு. இந்தச் சீடரைவிடப் பத்து வயது இளையவர்.

“சோறு பிடிக்கலையா?”

“சோத்துக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. ஆனா கூடப் படிக்கிற மாசிலாமணிக்கு நீங்க சொல்றது ஒரு தடவை கேட்டாலே புரிஞ்சிடுது. அவரைப் பார்க்கவே ஜனம் வருது. நான் கூட்டத்துல ஒருத்தன்.”

“அதனால?”

“அந்த அத்திமரத்தைப் பாருங்க. நூறு வௌவால் தொங்குது. யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கிறதில்லை. பொந்துல ஒரே ஒரு எலி. அதைப் படம் பிடிக்கச் சென்னையிலேர்ந்து வந்து காத்துக் கிடக்கிறாங்க. அபூர்வமாம்.”

“அழகான எலிதான்.”

“மாசிலாமணி அந்த எலி. நான் வௌவால். அதுவும் தலைகீழா.”

தாயம்மை சிரித்துவிட்டார்.

“சரி, கிளம்புங்க. பஸ் வர்ற வரைக்கும் மரத்தடியில உட்காருங்க. அந்த எலிக்கு என்ன வேணும்னு பார்த்துச் சொல்லிட்டுப் போங்க.”

பொழுது சாய்ந்தது.

வௌவால்கள் விழித்தன. ஒரு பழத்துக்கு நாலு சண்டை. ஒன்றையொன்று ஏசிக்கொண்டே தின்றன. பூமிநாதன் தலையில் சக்கை விழுந்தது.

பொந்திலிருந்து எலி வந்தது. வால்நுனி மட்டும் வெள்ளை.

பழத்தைத் தாண்டிப் போனது. கிளை நுனியில் நின்று காதைத் தூக்கியது. திரும்பியது. அடுத்த கிளைக்குப் போனது. அங்கேயும் நின்றது.

பூமிநாதன் மடத்துக்கு வந்தார்.

“என்ன வேணுமாம்?”

“பழம் இல்லை, அம்மா. காலடியிலேயே இருந்தது, தொடலை.”

“அப்புறம்?”

“இன்னொரு எலியோட சத்தம் கேட்காதான்னு பார்க்குது.”

“கேட்டுச்சா?”

“இல்லை.”

தாயம்மை கீரைச் சட்டியோடு எழுந்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகவேண்டும். உள்ளே ஒரே இரைச்சல். ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் அப்பளத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி தூணோரம் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மரியாதை காரணமாக அவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

பூமிநாதன் பையை இறக்கி வைத்தார். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார்.

“தலையில என்னங்க?”

“வௌவால் துப்பினது.”

மாசிலாமணி கையை நீட்டி அதை எடுத்துப் போட்டார்.

“நாளைக்கு மரத்தடிக்குப் போனா, நானும் கூட வரட்டுமா?”