காலண்டரில் இருந்த அப்பா

எங்க ஊர் அறக்கட்டளைத் தலைவர் சபாபதி வச்சதுதான் சட்டம். காலேஜில் இடம் கிடைத்தும் ஃபீஸ் கட்ட வழியில்லாத செல்வராணி, உதவி கேட்டு அவர் முன்னால் நின்றாள்.

"உங்கப்பன் ரைஸ்மில் முதலாளி. உனக்கு எதுக்கு உதவி?" என்று சுவரில் தொங்கிய மில் காலண்டரைக் காட்டிச் சிரித்தார்.

"அவர் எங்களை விட்டுட்டுப் போய் ரொம்ப வருஷமாச்சுங்க ஐயா."

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம். அப்பன் வருமானம்தான் கணக்கு."

"சரிங்க ஐயா. அப்போ ஃபீஸை அவர்கிட்டயே கேட்டு வாங்கிக் குடுங்க. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டார். நம்பர் காலண்டர்லயே இருக்கு."

சபாபதி ஜம்பமாக ஸ்பீக்கரில் போட்டார். "உங்க பொண்ணு செல்வராணிக்கு காலேஜ் ஃபீஸ்..."

"எனக்குப் பொண்ணே கிடையாதுங்க" என்ற பதிலோடு போன் கட்டானது.

செல்வராணி மெதுவாகக் கேட்டாள்: "பொண்ணே இல்லாதவர் வருமானத்தை என் தலையில ஏன் ஐயா கட்டுறீங்க?"

சபாபதி உதவித்தொகைக்குக் கையெழுத்துப் போட்டார். காலண்டரும் அன்றைக்கே ஆணியை விட்டு இறங்கியது.