பதினெட்டு எழுத்துச் சொல்

பாளையங்கோட்டையில் ஒரு மன்றம். சாயங்காலமானால் அங்கே எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி இங்கிலீஷ் சொல் சேர்க்கும் ஆட்டம் நடக்கும். தலைவர் ஞானசிகாமணி வாயைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லும் ரயில் மாதிரி நீளும். தனக்கு அர்த்தம் தெரியாத சொல்லே கிடையாது என்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் புதிதாகச் சேர்ந்த தபால்காரரிடம் தோற்றுப்போனார். ஆத்திரத்தில் பலகையைத் தட்டிவிட, கட்டையெல்லாம் தரையில் சிதறியது. பெருக்க வந்த பேச்சித்தாய் சிரித்துவிட்டாள்.

"இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது, உனக்கு இளிப்பு வேறயா? எனக்கு அர்த்தம் தெரியாத நீளச் சொல் ஒண்ணு நாளைக்குக் கொண்டு வா. இல்லேன்னா வேலைக்கு வராதே" என்றார் தலைவர்.

மறுநாள் எல்லார் முன்னாலும் அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். பதினெட்டு எழுத்து, கோணல்மாணலாக.

தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது லத்தீன்ல இருந்து வந்த சொல். மழைக்காலத்துல முழங்கால்ல வர்ற வீக்கம். டாக்டர்களுக்கே சரியாச் சொல்ல வராது."

செயலாளர் பயபக்தியோடு அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

"நேத்து நீங்க தட்டிவிட்ட கட்டை தரையில கிடந்துச்சுல்லா ஐயா," என்றாள் பேச்சித்தாய். "கையில வந்த வரிசைக்கு அதைப் பார்த்து வரைஞ்சேன்."

செயலாளர் நோட்டில் எழுதியதை மெதுவாகக் கோடு போட்டு அடித்தார். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

"எழுத்தும் நீங்க கொட்டினது, அர்த்தமும் நீங்க கொட்டினது. பெருக்கினது மட்டும்தான் நான்."