கேள்வி கேட்ட வாள்

முன்னொரு காலத்தில், மீசைக்கு எண்ணெய் தடவுவதே ஆட்சி என்று ராஜாக்கள் நினைத்திருந்த காலத்தில், தாழைநாடு என்றொரு நாடு இருந்தது. கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே, கொட்டாவியை அப்புறம் விடலாம்.

அந்த அரண்மனையில் பேசும் வாள் ஒன்று இருந்தது. அது உறையை விட்டு வந்தால்தான் படை கிளம்பும். அது உறைக்குத் திரும்பினால்தான் படைவீரர் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பும். ஆனால் லேசில் வராது. மூன்று கேள்வி கேட்கும்.

"யாருக்காக? வேறு வழி பார்த்தாயா? எப்போது திரும்புவேன்?"

ஒருமுறை கொள்ளைக்காரர்கள் ஏரிக்கரையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஊருக்காக. தூது போனவனைக் கொன்றுவிட்டார்கள். கரை மீண்டதும் திரும்பலாம்" என்றார் அன்றைய ராஜா. வாள் பாய்ந்தது, கரை மீண்டது, வாள் திரும்பியது. அவ்வளவுதான். இதில் என்ன கஷ்டம் என்கிறேன்!

பிறகு வேழமாறன் பட்டத்துக்கு வந்தான். குன்றநாட்டு ராஜா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனான். பந்தியில் உட்கார்ந்தான். வாழையிலையின் நுனி வலப்பக்கம் இருந்தது!

"இலையை மாற்றிப் போட்டு அவமதித்துவிட்டான்! போர்!" என்று சாப்பிடாமல் எழுந்து வந்தான். வயிறு நிறையச் சாப்பிட்ட மந்திரிகளும் "போர்! போர்!" என்றார்கள்.

"யாருக்காக?" என்றது வாள்.

"நாட்டின் மானத்துக்காக!"

"இலை போட்டவனைக் கேட்டாயா?"

"ராஜா போய் பரிமாறுகிறவனிடம் பேசுவதா?"

"அப்படியானால் நான் தூங்குகிறேன்" என்றது வாள்.

வேழமாறனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. புகைமுகன் என்ற மந்திரவாதியை அழைத்தான். அவன் ஒரு பிடி சாம்பலை வாள் மேல் ஊதினான். வாள் ஊமையானது, உறையை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்றது.

"அந்த மூன்று கேள்வியையும் யாராவது உன் முகத்துக்கு நேரே கேட்டு, நீ உண்மையைச் சொன்னால் மந்திரம் உடையும்" என்று எச்சரித்தான் மந்திரவாதி.

"நம் ஊரில் யாரய்யா கேட்கப் போகிறார்கள்?" என்று சிரித்தான் ராஜா.

சரியாகத்தான் சொன்னான், பாவி. படை போனது. மழை வந்தது, வெயில் வந்தது, மறுபடி மழை வந்தது. படை வரவில்லை. புலவர்கள் பாடினார்கள், வணிகர்கள் கேடயம் விற்றார்கள். ஒரு வாயும் கேட்கவில்லை!

உப்பு விற்கும் ஒச்சாயிக்கு உலகத்தில் இருந்த ஒரே உறவு அண்ணன் சடையன். அவனும் அந்தப் படையில் போயிருந்தான். போர் நடந்தாலும் குழம்புக்கு உப்பு வேண்டுமே. கழுதையை ஓட்டிக்கொண்டு குன்றநாட்டு அரண்மனைச் சமையற்கட்டுக்கே போனாள்.

"எங்க ராஜாவுக்கு இலை போட்ட புண்ணியவான் யாருய்யா?"

"நான்தான் தாயி. அவசரத்துல எதிரே நின்னு போட்டேன். எனக்கு நுனி இடப்பக்கம்தான் தெரிஞ்சுது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருப்பிப் போட்டிருப்பேனே!"

ஒச்சாயி தலையில் அடித்துக்கொண்டாள். நேரே தாழைநாட்டுச் சபைக்குள் நுழைந்து, கேட்டதை அப்படியே சொன்னாள்.

"ராஜா, இப்ப நீங்க சொல்லுங்க. இந்தப் போர் யாருக்காக?"

"நாட்டுக்காக!" அந்தரத்தில் நின்ற வாள் ராஜாவின் பக்கம் திரும்பியது.

"யாருக்காக?"

"குடிகளுக்காக!" வாள் நெருங்கியது.

"யாருக்காக?"

வாள்முனை ராஜாவின் கழுத்தைத் தொட்டது. "என் வீம்புக்காக."

"வேற வழி பார்த்தீங்களா?"

"இல்லை."

"எப்போ முடியும்?"

"நான் யோசிக்கவே இல்லை அம்மா."

சாம்பல் உதிர்ந்தது. "இத்தனை பேர் இருக்கும் சபையில் இதைக் கேட்க ஒரு உப்புக்காரிதானா கிடைத்தாள்?" என்று கத்திவிட்டு வாள் உறைக்குள் போனது. எல்லையில் வீரர்களின் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பின. புகைமுகன் புகையாய்ப் போனான்.

"என்ன வேண்டும்? பொன்னா, மணியா, பாதி நாடா?" என்றான் ராஜா.

"வர்றவங்களுக்கு வழியெல்லாம் சோறு போடுங்க. வராதவங்க வீட்டுக்கு நீங்களே நடந்து போய், எதுக்காகச் செத்தாங்கன்னு உங்க வாயால சொல்லுங்க."

வேழமாறன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தான். சடையன் வீடு வந்து சேர்ந்து, உண்டு, உறங்கி எழுந்தான். ராஜா இன்னும் நடந்துகொண்டிருந்தான்.