கப்பம் வாங்கிய பெருச்சாளி

ஆற்றின் நடுவே ஒரு தீவு. அங்கே நீர்நாய்கள் காலங்காலமாகக் குடியிருந்தன. ஒருநாள் வாழைமரத் தெப்பத்தில் இருபது பெருச்சாளிகள் வந்து இறங்கின. தலைவன் பெயர் பராக்கிரமன். இறங்கியதும் இறங்காததுமாக ஒரு குச்சியை நட்டான்.

"இந்தத் தீவை நான் கண்டுபிடித்துவிட்டேன்! இனி இது பராக்கிரமபுரி!"

நீர்நாய்த் தலைவி கயலி எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா, இது எப்போ தொலைஞ்சுது, நீ கண்டுபிடிக்க?"

பராக்கிரமனுக்குச் சுருக்கென்றது. காதில் விழாதவன் போலக் குச்சியை இன்னும் ஆழமாக அழுத்தினான்.

தீவில் மினுக்கும் கற்கள் கிடந்தன. "தங்கம்! தோண்டுங்கள்!" என்று விரட்டினான். கிழங்கு சேர்த்து வைக்க யாருக்கும் நேரமில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வளைகளில் தண்ணீர் ஏறியது. கல்லைக் கடித்துப் பார்த்ததில் பல்தான் போனது. ஆறு பெருச்சாளிகள் பசியில் சுருண்டு படுத்தன.

பராக்கிரமன் வயிறும் கூப்பாடு போட்டது. ஆனால் தீவையே கண்டுபிடித்தவன் போய்க் கையேந்துவதா? மானம் என்ன ஆவது!

கயலியே கூடை நிறைய மீன் கொண்டுவந்தாள். "நாங்க முதல்ல பிடிக்கிற மீன் பசிச்சவங்களுக்குத்தான். அது எங்க வழக்கம். சாப்பிடுங்க."

அவள் தலை மறைந்ததும் பராக்கிரமன் மீசையை முறுக்கினான். "பார்த்தீர்களா! என்னைக் கண்டு நடுங்கிக் கப்பம் கட்டுகிறார்கள்!"

"ராஜா வாழ்க!" என்றன பெருச்சாளிகள், வாய் நிறைய மீனோடு.

தினமும் மீன் வந்தது. தினமும் அவன் பீற்றலும் வளர்ந்தது. அது கயலியின் காதுக்கும் எட்டியது. ஆனாலும் அவள் மீன் கொண்டுவருவதை நிறுத்தவில்லை.

ஒருநாள் காலையில் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ராஜா! எங்க குட்டிங்க இருக்கிற பொந்துப் பக்கம் முதலை வந்து நிக்குது! கப்பம் வாங்கினவர்தானே காப்பாத்தணும்? புறப்படுங்க!"

பத்தொன்பது பெருச்சாளிகளும் அவனையே பார்த்தன. பராக்கிரமன் தெப்பத்தின் பக்கம் பின்வாங்கினான்.

"அய்யோ, அது கப்பமே இல்லம்மா! நீ இரக்கப்பட்டுப் போட்ட சோறு!"

சொல்லிவிட்டுத் தெப்பத்தில் ஏறி அக்கரைக்குத் துடுப்புப் போட்டான். திரும்பியே பார்க்கவில்லை. மற்ற பெருச்சாளிகள் வெட்கத்தோடு கயலியின் பின்னால் ஓடின. தின்ற மீனுக்காவது நிற்க வேண்டுமே! எல்லாருமாகக் கூச்சல் போட்டு, மண்ணாங்கட்டியை வாரி வீசி முதலையை விரட்டினார்கள். குட்டிகள் பிழைத்தன.

அதே நேரம் அக்கரையில் பராக்கிரமன் கூட்டம் கூட்டியிருந்தான். "ஒற்றைக் கையால் முதலையை அடித்தேன்!" என்றான். கேட்டவர்கள் கைதட்டினார்கள், வெட்கங்கெட்ட உலகம்!

பிறர் இரக்கத்தைத் தன் வீரமென்று சொல்லித் திரிகிறவன், வீரம் காட்ட வேண்டிய நாளில் முதல் ஆளாக ஓடுவான்.