சோனாருக்கு ஒரு அபிஷேகம்

இதை நான் பல வருடம் நம்பவில்லை. கடலோர ஆய்வுக்கூடம் ஒன்றின் இயக்குநர் சடகோபன், ஆயுத பூஜையன்று தண்ணீருக்குள் ஒலி எழுப்பும் சோனார் கருவியின் முகத்தில் தன் கையாலேயே சந்தனத்தை அப்பிவிட்டார். மறுநாள் தொட்டியில் இறக்கினால் பாதிச் சத்தம்கூட வரவில்லை.

“எதையும் கழற்றாதே, மின்சாரத்தைக் கூட்டாதே. சாயங்காலத்துக்குள்ள சத்தம் வரலைன்னா நீ வேலைக்கே வர வேண்டாம்!” என்று பயிற்சிப் பொறியாளர் இசக்கியம்மாளிடம் சீறினார்.

சந்தனத்தில் சிக்கிய காற்றுக் குமிழ்கள்தான் ஒலியை விழுங்குகின்றன என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இயக்குநர் பூசியதை அழுக்கு என்று சொல்ல முடியுமா?

“சார், அலங்காரம் முந்திப்போச்சு. இப்பவாவது அபிஷேகம் பண்ணிடட்டுமா?”

“பண்ணு, பண்ணு!”

சோப்புத் தண்ணீரால் அபிஷேகம் நடந்தது. சத்தம் முழுசாக வந்தது. வடிந்தோடிய சந்தனத்தைப் பார்த்த சடகோபன் மெல்ல அங்கிருந்து நழுவினார்.

வேலை நிலைத்த இசக்கியம்மாள்தான் இதை எனக்குச் சொன்னவள். அவளிடம் கடைசியில் கேட்டேவிட்டேன்: “பூசினது அவர், சரி. அவ்வளவு கெட்டியாகக் குழைத்துக் கொடுத்தது யாரம்மா?”