பெட்டிக்குள் இரண்டு குரல்

"டீச்சர், நான் வாங்கின கீபோர்டுப் பெட்டி என் வீட்டுக்காரியை அழ வச்சிட்டு" என்றார் தவசிமுத்து.

பியூலா டீச்சர் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறவள். முப்பது வயதிருந்தால் அதிகம். தவசிமுத்துக்கு அறுபத்தொன்று. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறார். கூச்சத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

நடந்ததைச் சொல்லச் சொன்னாள் டீச்சர். சொன்னார்.

அவர் மனைவி கனகபாயும் அவளுடைய அக்காமார் இரண்டு பேரும் முப்பது வருஷம் கோயிலில் சேர்ந்து பாடியவர்கள். பாட்டு இவளுடையது. ஒருத்தி அதற்கு மேல் சுருதியில் நிற்பாள், ஒருத்தி கீழ்ச் சுருதியில் நிற்பாள். மூத்தவள் இறந்துபோனாள். அடுத்தவள் மகளோடு பம்பாய்க்குப் போனாள். அன்றைக்கு மூடின வாய்தான் கனகபாய்க்கு. மூன்று வருஷம் ஆகிறது.

அதற்காகத்தான் அவர் இந்தக் கீபோர்டை வாங்கியதே. தாளம் அதுவே போடும். மைக்கைச் சொருகி ஹார்மனி பட்டனை அமுக்கினால், ஒருத்தர் பாடினாலும் மூன்று பேர் பாடுவதுபோல் வரும்.

கெஞ்சிக் கூத்தாடிப் பாட வைத்தார். முதல் அடிக்குக் கனகபாயின் கண் விரிந்தது. இரண்டாவது அடியில் மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க அக்காமார் இப்படியா இழுப்பாங்க? செத்தவளையும் சேர்த்துல்லா அழ வைக்கீங்க" என்றாளாம்.

அப்புறம் அவர் செய்யாதது இல்லை. பெட்டிக்குள் இருக்கிற குரலையெல்லாம் மாற்றிப் பார்த்தார். மைக்கை மாற்றினார். போனில் வீடியோ பார்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அசனம். ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அதில் பாடுவதற்கு இன்னும் ஒரே ஒரு தடவை முயன்று பார்க்கிறேன் என்று கனகபாய் இறங்கி வந்திருக்கிறாள். அதுவும் கோணினால், இனிமேல் பாடு என்று தன்னிடம் யாரும் வாயெடுக்கக் கூடாதாம்.

"எந்த பட்டன்னு மட்டும் சொல்லிருங்க டீச்சர்."

டீச்சர் பட்டனைப் பற்றிப் பேசவே இல்லை. நாளைக்குப் பெட்டியோடு கனகபாய் மதினியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

மறுநாள் வந்தார்கள். கனகபாய் வாசல் பக்கத்து நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறவள் மாதிரி உட்கார்ந்தாள்.

தவசிமுத்து வீட்டில் வைப்பதுபோலவே எல்லாவற்றையும் வைத்தார். ஸ்பீக்கர் மைக்கைப் பார்த்து நின்றது.

டீச்சர் காலால் ஸ்பீக்கரைத் திருப்பினாள்.

அவருக்குப் புரிந்தது. ஸ்பீக்கரின் சத்தமும் மைக்குக்குள் போய், பெட்டி அதற்கும் சேர்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு டீச்சர் பெட்டியின் இரண்டு குரல்களின் சத்தத்தையும் பாதிக்குக் குறைத்தாள்.

"சரியாப் போச்சா?" என்றார்.

"வாசிங்க அண்ணாச்சி."

வாசித்தார். இடது கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கினார். அதைத்தான் கார்டு என்பார்கள். அமுக்கியதும் கையை எடுத்துவிட்டார். எடுத்த கை பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பியது. பிறகு, கோயிலில் செய்வதுபோலவே, வெற்றுச் சுவரைப் பார்த்து, எழுந்திருங்கள் என்று சைகை காட்டியது.

டீச்சர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாள்.

தவசிமுத்துக்குப் பெருமைதான். ஒரு கார்டைத் தொட்டுக் காட்டினால் போதும், பெட்டி அதையே பிடித்துக்கொண்டு ஓடும், ஒற்றைக் கையில் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றார்.

"கோயில்ல அந்தக் கைக்குத்தான் சோலி அதிகம். கொசு அடிக்கதும் அதுதான்" என்றாள் கனகபாய்.

டீச்சர் சிரிக்கவில்லை. அவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். மைக்கை அவர் கையில் கொடுத்தாள்.

தன் குரல் பஸ் ஹாரன் மாதிரி இருக்கும் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"பாடுங்க."

டீச்சர் கார்டை அமுக்கினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் பாடினார். முதல் அடியில் இரண்டு குரல்கள் வந்து அண்ணன் தம்பிபோல அவர் பக்கத்தில் நின்றன. அட, நம்ம குரலா இது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

இரண்டாவது அடியில் பாட்டு மேலே ஏறியது. அவர் ஏறினார். அந்த இரண்டும் ஏறவில்லை. பழைய இடத்திலேயே நின்று, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தன. முனகின.

பாதியில் நிறுத்திவிட்டார்.

"நான் மேல போயிட்டேன் டீச்சர். நீங்க இன்னும் அங்கேயே நிக்கீங்க."

டீச்சரின் கை மடியில் இருந்தது.

"நானா?" என்றாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, தன் பெண்டாட்டியைப் பார்த்தார்.

கை கார்டை மாற்றினால்தான் பெட்டியின் குரல்களும் இடம் மாறும் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

டீச்சர் எழுந்து இடம் விட்டாள். தவசிமுத்து உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார்.

"கனகம், வா" என்றார்.

பையை நாற்காலியில் வைத்துவிட்டு அவள் வந்தாள். மைக்கை வாங்கினாள். அவர் அவள் வாயையே பார்த்தார்.

பாடினாள். இரண்டு குரல்களும் வந்தன.

பாட்டு ஏறியது. அவர் விரல்கள் மூன்றும் இடம் மாறின. குரல்களும் கூடவே ஏறின. இறங்கியபோது இறங்கின.

மூன்றாவது அடியில் அவர் கொஞ்சம் பிந்திவிட்டார். குரல்கள் முறுக்கிக்கொண்டன. கனகபாயின் புருவம் சுருங்கியது. அவ்வளவுதான், மைக்கை வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தார்.

அவள் வைக்கவில்லை. அந்த ஓர் எழுத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கை வந்து சேர்ந்ததும் அடுத்ததற்குப் போனாள்.

சரணம் முடிந்தது. தாளம் ஓடிக்கொண்டிருந்தது.  தவசிமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார்.

கனகபாய் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். மைக் அவள் கையிலேயே இருந்தது.

"மூச்சு வாங்கிக்கிடுதேன்" என்றாள். "கையை எடுத்துராதீங்க."