விழுந்துகொண்டே இருந்த டிரிப்பர்

ஒரு மாவுக்கடைச் சுவரில் டிரிப்பர் சுவிட்ச் ஒன்று குடியிருந்தது. உள்ளே போகிற மின்சாரம் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. கொஞ்சம் குறைந்தாலும் வழியில் எங்கோ கசிகிறது என்று பொருள். உடனே அது கீழே விழுந்து, கடை முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

ஆடி பிறந்ததிலிருந்து, கிரைண்டரைப் போட்டால் போதும், விழுந்தது.

ஃபிரிட்ஜுக்கு எரிச்சல். யாரோ கசிவதற்குத் தான் ஏன் வேர்த்து வடிய வேண்டும் என்று தினமும் முணுமுணுத்தது. கிரைண்டருக்கோ ரோஷம். “கல்லு சுத்துது, மாவு பொங்குது. கசியறது கடுகளவு. அதுக்கு இந்த ஆர்ப்பாட்டமா?”

“அந்தக் கடுகளவு உன் உடம்புலதான்யா நிக்குது. உன்னை ஈரக்கையோட தொடுறது யாரு?” என்றது டிரிப்பர்.

தொடுகிறவள் கடைக்காரி பவளக்கொடி. டிரம்மைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று அவளும் கணவன் மாணிக்கவேலிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் ரப்பர் செருப்போடு வந்து, காய்ந்த புறங்கையால் தொட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. “என்னைக் கண்டாலும் உனக்குச் சுருக்குன்னுதான் இருக்கும்” என்று சிரித்தான்.

எல்லாரும் ஒரே குரலில் திட்டியபோது டிரிப்பருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோளாறு தன்னிடம்தானோ? ஊருக்கெல்லாம் உறைக்காதது தனக்கு மட்டும் ஏன் உறைக்கிறது?

எலக்ட்ரீஷியன் இருதயராஜ் வந்து அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினார். ஒழுங்காக விழுந்தது. பிறகு கிரைண்டரில், கசிவைச் சோதிக்கும் மெக்கர் மீட்டரை வைத்தார். மெக்கர் அதிகம் பேசாது. “மோட்டார் காயிலைச் சுத்தின காப்பு நைஞ்சுபோச்சு. உள்ள மாவுத்தண்ணி” என்று மட்டும் சொன்னது. மெக்கரின் முள்ளைக் காட்டி, கிரைண்டரை ரெண்டு நாள் விட்டுவைக்கச் சொன்னார் இருதயராஜ்.

“ஆடி வெள்ளிக்கு மாவு கேட்டு ஆள் நிக்குதுண்ணே” என்றான் மாணிக்கவேல்.

அவர் தெரு முனை தாண்டியதும், டிரிப்பரிலிருந்த கம்பிகளைக் கழற்றி, அதை விட்டுவிட்டு நேராக முறுக்கி டேப் சுற்றினான். டிரிப்பர் வெறுமனே நிமிர்ந்து நின்றது. அதற்குள் இப்போது எதுவும் போகவில்லை, வரவுமில்லை.

“இப்பத்தான் மனுசனா இருக்க” என்று மெச்சியது கிரைண்டர். டிரிப்பர் திருந்திவிட்டதாக மாணிக்கவேல் மனைவியிடம் பெருமையாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை, கழுவிய தரையில் வெறுங்காலோடு நின்று, மாவை வழிக்க டிரம்மைப் பிடித்தாள் பவளக்கொடி. பிடித்த கை விடவில்லை. கிரைண்டர் முதல் தடவையாகப் பயந்து, “விழு, விழு” என்று சுவரைப் பார்த்துக் கத்தியது. டிரிப்பர் அசைய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

மாணிக்கவேல் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான். மூச்சு இருந்தது. மாவு அப்பிய கையோடே அவளை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

கூடியிருந்தவர்களில் ஒருவர் சுவரைப் பார்த்தார். “டிரிப்பர் இருந்துமாப்பா இப்படி ஆச்சு?”

ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி மாணிக்கவேல் திரும்பினான்.

“அது ஆரம்பத்துலேருந்தே சரியில்லைங்க.”